அண்ணனுக்கு மூளை ரத்தக்குழாய் சுருக்கம்: எனக்கும் பிள்ளைகளுக்கும் வருமா?

வாசகர் கேள்வி:

என் அண்ணனுக்கு 46 வயது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் காலையில் வலது கை மரத்துப்போய், பேச்சு குழறியது. எம்ஆர் ஆஞ்சியோகிராமில் மூளையின் இடது பக்க நடுத்தமனி 70 சதவீதம் சுருங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இப்போது கை தேறிவிட்டது. ஆஸ்பிரின், குளோபிடோகிரல், கொழுப்புக்கு ஸ்டாட்டின் சாப்பிடுகிறார். ஐந்து வருடமாகச் சர்க்கரையும் பிபியும் உண்டு. டிஸ்சார்ஜ் செய்யும்போது, 'பரம்பரைக் காரணமாக இருக்கலாம், அழற்சியாகவும் இருக்கலாம், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி கூடுதலாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னார்கள். எங்கள் அப்பாவும் 58 வயதில் பக்கவாதத்தில்தான் இறந்தார். எனக்கு 41 வயது, இரண்டு பிள்ளைகள். நாங்கள் ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? அழற்சி என்றால் அதைக் குறைக்க மாத்திரை இல்லையா? மூட்டுவலிக்கு எப்போதோ எழுதிக்கொடுத்த டைக்ளோஃபெனாக்கை, 'இதுவும் அழற்சிக்குத்தானே' என்று அண்ணன் தினமும் போட்டுக்கொள்கிறார். பிபி மாத்திரையை மட்டும் அடிக்கடி விட்டுவிடுகிறார். அழுத்தம் குறைந்தால் அந்தக் குறுகிய குழாயில் ரத்தம் போகாது என்று பயப்படுகிறார். பேசாமல் ஸ்டெண்ட் வைத்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டைக்ளோஃபெனாக்கிலிருந்து தொடங்குகிறேன், அது இன்றைக்கே கவனிக்க வேண்டியது. உங்கள் அண்ணன் அதை நிறுத்த வேண்டும். அழற்சிக்கான மாத்திரை என்று பெயர் இருந்தாலும், அது தணிப்பது மூட்டில் வலியும் வீக்கமும் உண்டாக்கும் அழற்சியை. மூளைத் தமனியின் சுவருக்குள் நடப்பது வேறு, அங்கே இந்த மாத்திரைக்கு வேலை இல்லை. அது மட்டுமல்ல, டைக்ளோஃபெனாக் மாரடைப்பு, பக்கவாதம் இரண்டுக்கும் உள்ள ஆபத்தைக் கூட்டும். ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்கு வயிற்றில் ரத்தக்கசிவு வரவும் வழி செய்யும். 'அப்படியானால் இபுபுரூஃபென் போடலாமே' என்று யாராவது சொல்வார்கள், அதுவும் வேண்டாம். ரத்தத் தட்டணுவில் ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை இபுபுரூஃபென் முந்திக்கொண்டு மறைத்துவிடும், ஆஸ்பிரின் சாப்பிட்டும் பலன் குறையும். மூட்டுவலிக்குப் பாராசிட்டமாலில் தொடங்கி வேறு வழிகள் இருக்கின்றன. அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளட்டும்.

சரி, இனி உங்கள் பெரிய கேள்வி. 'பரம்பரையாக இருக்கலாம், அழற்சியாகவும் இருக்கலாம்' என்று சொல்லி உங்களை அனுப்பியதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. சொன்னது தவறில்லை, ஆனால் பாதியில் நின்றுவிட்ட பேச்சு அது. சுருக்கம் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. ஆஞ்சியோகிராம் காட்டுவது ரத்தம் ஓடும் வழியை மட்டும்தான். அந்த வழி ஏன் குறுகியது என்று கேட்டால், பதில் குழாயின் சுவரில் இருக்கிறது. சுவரில் கொழுப்புப் படிந்து தடித்திருக்கலாம். மோயாமோயா என்ற நோயில் நடப்பதுபோல, உள்சுவரின் அணுக்களே பெருகி வழியை அடைத்துக்கொண்டு வரலாம். உடலின் எதிர்ப்பு அணுக்கள் சுவரைத் தாக்கலாம். கிருமித்தொற்று பக்கத்திலிருந்து சுவருக்குப் பரவலாம். சுவரில் ஒரு கெடுதலும் இல்லாமல் குழாய் தற்காலிகமாக இறுகியும் இருக்கலாம். ஜீனும் அழற்சியும் இவற்றில் பலவற்றில் வருகின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் அவற்றின் பங்கு வேறு, வைத்தியமும் வேறு. ஒன்றில் உயிரைக் காக்கிற ஸ்டீராய்டு இன்னொன்றில் கேடு செய்யும்.

ஒரு இளைஞரை என்னால் மறக்க முடியவில்லை. ஆஞ்சியோகிராமில் சுருக்கத்தைப் பார்த்ததும் 'ரத்தக்குழாய் அழற்சி' என்று முடிவு கட்டி, வேறு ஒரு இடத்தில் எட்டு மாதம் ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். என்னிடம் வரும்போது முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, இரண்டாவது பக்கவாதமும் வந்திருந்தது. அவருக்கு இருந்தது மோயாமோயா. அதற்கு ஸ்டீராய்டு எதுவும் செய்யாது. புதிய ரத்தப் பாதை அமைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சைதான் அவருக்குத் தேவைப்பட்டது. அந்த எட்டு மாதத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லையே என்ற வேதனை எனக்கு இன்றும் உண்டு. 'அழற்சியாக இருக்கலாம்' என்ற வார்த்தையை நான் பயத்தோடு கேட்பது அதனால்தான்.

ஆகவே அண்ணனுக்கு முதலில் கேட்க வேண்டியது, குழாயின் சுவரையே காட்டுகிற எம்ஆர்ஐ. இதற்கு 3 டெஸ்லா காந்தத்திறன் உள்ள கருவியும், அதைப் படித்துப் பழகிய கதிரியக்க மருத்துவரும் வேண்டும். மருந்து ஏற்றி எடுக்கும்போது சுவர் எப்படி ஒளிர்கிறது என்று பார்ப்பார்கள். கொழுப்புப் படிவு என்றால் சுவர் ஒரு பக்கமாகத் தடித்திருக்கும். எதிர்ப்பு அணுக்களின் தாக்குதல் என்றால் பெரும்பாலும் சுற்றிலும் வளையம்போலச் சீராக ஒளிரும். மோயாமோயாவில் குழாயின் வெளிச்சுற்றளவே சிறுத்திருக்கும். வெறும் இறுக்கம் என்றால் சுவர் அவ்வளவாக ஒளிராது. இந்த அடையாளங்கள் எப்போதும் புத்தகத்தில் உள்ளபடி வந்து நிற்காது. அதனால் நோயாளி சொல்லும் கதையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அந்தக் கதையில் நான் தேடுபவை இவை. இடி விழுந்ததுபோல நொடியில் உச்சத்துக்குப் போகிற தலைவலி, சில நாட்களில் திரும்பத் திரும்ப வந்தால், அது பெரும்பாலும் குழாய் இறுகும் வகை. மூன்று மாதத்துக்குள் குழாய்கள் தாமாகவே பழைய அளவுக்கு வந்துவிடும். இதற்கும் ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது, கொடுத்தவர்களுக்கு நிலைமை மோசமானதையே பார்த்திருக்கிறோம். வாரக்கணக்கில் மந்தமான தலைவலி, குழப்பம், மூளையின் பல இடங்களில் சிறு சிறு பாதிப்பு என்றால், மூளை ரத்தக்குழாய்களை மட்டும் தாக்குகிற அழற்சி நோயை நினைக்க வேண்டும். அது அபூர்வமானது. முதுகுத்தண்டு நீரைச் சோதித்தால் பெரும்பாலானவர்களுக்கு மாறுதல் தெரியும், சிலருக்குத் திசுவே எடுத்துப் பார்க்க வேண்டி வரும். காசநோய் மூளைக்காய்ச்சல், கண்ணைச் சுற்றி வரும் அக்கி, சிபிலிஸ், குழந்தைகளுக்குச் சின்னம்மை வந்துபோன பிறகான சில மாதங்கள், இவையெல்லாம் கிருமி வழியாகச் சுவருக்கு அழற்சி வருகிற சந்தர்ப்பங்கள்.

உங்கள் கடிதத்தில் இப்படி எதுவும் இல்லை. 46 வயது, ஐந்து வருடச் சர்க்கரை, பிபி, ஒரே ஒரு குழாயில் சுருக்கம். பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று கேட்டால் கொழுப்புப் படிவின் பக்கம்தான். உலகில் பக்கவாதத்துக்கான மிகப் பொதுவான காரணங்களில் இதுவும் ஒன்று. ஆசியர்களுக்கு வரும் அடைப்புவகைப் பக்கவாதங்களில் 30 முதல் 50 சதவீதம் வரை மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளின் சுருக்கத்தால் வருகிறது என்பது பல ஆய்வுகளின் கணக்கு. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அது பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

'அப்படியானால் அழற்சி என்றது பொய்யா?' என்று கேட்பீர்கள். பொய் இல்லை. தமனிச் சுவரில் கொழுப்பு படிவதை, தண்ணீர்க் குழாயில் உப்பு படிவதுபோல நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்டிஎல் சுவருக்குள் நுழைந்து, அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகிறது. அதை அந்நியப் பொருளாக நினைத்து வெள்ளணுக்கள் உள்ளே வருகின்றன, விழுங்குகின்றன, விழுங்கிய கொழுப்போடு அங்கேயே தங்கிவிடுகின்றன. தங்கியவை இன்டர்லூக்கின் என்ற செய்திப் புரதங்களை அனுப்பி மேலும் வெள்ளணுக்களை அழைக்கின்றன. இப்படி வருடக்கணக்கில் நடந்து, படிவின் மேல்மூடி மெலிந்து, ஒரு நாள் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. உங்கள் அண்ணனுக்கு அன்று காலையில் நடந்தது பெரும்பாலும் இதுதான். 70 சதவீதச் சுருக்கம் அன்று உண்டானதல்ல, அன்று நடந்தது அதன்மேல் உறைந்த ரத்தம்.

மூளைத் தமனிகளின் அமைப்பிலும் ஒரு தனித்தன்மை இருக்கிறது. மற்ற தமனிகளின் வெளிப்பக்கத்தில் இருக்கும் மீள்படலம் இவற்றுக்கு ஏறக்குறைய இல்லை, சுவரும் மெல்லியது. இளவயதில் இவை கொழுப்புப் படிவை நன்றாகவே எதிர்த்து நிற்கின்றன, இதயத் தமனிகளிலும் கழுத்துத் தமனிகளிலும் படியத் தொடங்கிப் பல வருடங்களுக்குப் பிறகுதான் இங்கே படிகிறது. ஆனால் தொடங்கிவிட்டால் வேகம் பிடிக்கும், சர்க்கரை இருந்தால் இன்னும் வேகமாக. இந்த ஒரு விஷயத்தில் சர்க்கரையைப்போல விரோதி வேறு இல்லை என்று, இத்தனை வருடங்களாகப் பார்த்தவன் என்ற முறையில் சொல்வேன்.

சிஆர்பிக்கு வருவோம். அதை ஒரு தெர்மாமீட்டர்போல எடுத்துக்கொள்ளுங்கள். உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று காட்டும், எங்கே என்று காட்டாது. பக்கவாதம் வந்த முதல் நாட்களில் அதனாலேயே சிஆர்பி ஏறும். ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று, உடல் பருமன், புகைப்பழக்கம் எதிலும் ஏறும். அண்ணனுக்கு எடுத்தது நோய் வந்த வாரத்தில் என்றால், அந்த ஒரு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இப்போது மூன்று மாதம் ஆகிவிட்டது. சளி, காய்ச்சல் எதுவும் இல்லாத ஒரு நாளில் நுண்ணளவையும் காட்டும் சிஆர்பி சோதனையை மறுபடி எடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. மரபணுக்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. பிறவியிலேயே சிஆர்பி சற்று அதிகமாக இருப்பவர்களுக்கு அந்தக் காரணத்தால் மட்டும் மாரடைப்பு கூடுவதில்லை. ஆனால் அதற்கு மேலிருந்து அதை ஏவுகிற இன்டர்லூக்கின்-6 என்ற செய்திப் புரதத்தின் வேலை பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு இதயநோய் குறைகிறது. தெர்மாமீட்டரைக் குளிர வைத்துப் பயனில்லை, அதற்குப் பின்னால் இருப்பதைத்தான் தொட வேண்டும்.

தொட முயன்றும் இருக்கிறார்கள். 2017ல் வெளியான கான்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்தவர்களுக்குக் கானாகினுமாப் என்ற ஊசிமருந்தால் இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுத்தார்கள். கொழுப்பின் அளவு மாறவில்லை, ஆனாலும் மறு மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. அழற்சி வெறும் சாட்சி அல்ல, குற்றத்தில் பங்காளி என்று அன்று உறுதியானது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகளும் அதில் கூடின, அதனால் அது அன்றாட வைத்தியமாகவில்லை. அப்புறம் கௌட் வாதத்துக்குப் பல காலமாகக் கொடுக்கும் கோல்சிசினைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். இதயநோயாளிகளுக்குப் பலன் தெரிந்தது. பக்கவாதம் வந்தவர்களிடம் நடத்திய இரண்டு பெரிய ஆய்வுகள், சான்ஸ்-3, கன்வின்ஸ், 2024ல் வெளிவந்தன. சான்ஸ்-3ல் 8,000 பேருக்கு மேல் சேர்த்தும், 90 நாளில் மறு பக்கவாதம் குறையவில்லை. நீண்ட நாள் கொடுத்துப் பார்த்த கன்வின்ஸில் பலன் இருப்பதுபோலத் தெரிந்தது, ஆனால் புள்ளியியல் ஏற்கும் அளவுக்கு எட்டவில்லை. ஆகவே 'அழற்சிக்கு மாத்திரை இல்லையா' என்ற உங்கள் கேள்விக்கு இன்றைய நேர்மையான பதில் இதுதான்: மூளைத் தமனிச் சுருக்கத்துக்கென்று தனி மாத்திரை எழுதும் நிலை இன்னும் வரவில்லை. ஆனால் அண்ணன் ஏற்கெனவே சாப்பிடும் ஸ்டாட்டின் எல்டிஎல்லைக் குறைப்பதோடு சுவரின் அழற்சியையும் தணிக்கிறது. வெள்ளணுக்களை வரவழைக்கிற பொருளையே குறைக்கிறது அல்லவா? அவருடைய எல்டிஎல் 70க்குக் கீழே இருக்க வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. முதலில் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள், சிஆர்பியைவிட அதுதான் முக்கியம்.

இனி பரம்பரை. மூளைத் தமனிச் சுருக்கத்தில் மிக நன்றாக ஆராயப்பட்ட மரபணு ஆர்என்எஃப்213. 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது. 2011ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மோயாமோயாவோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். மோயாமோயா என்றால் ஜப்பானிய மொழியில் மங்கலான புகைமூட்டம்போல என்று பொருள். பெரிய தமனி மூடிக்கொண்டு வரும்போது அடியில் முளைக்கும் நுண்குழாய்கள் ஆஞ்சியோகிராமில் அப்படித் தெரிவதால் 1969ல் வைத்த பெயர். அந்த மரபணுவில் ஆர்4810கே என்ற ஒரே எழுத்து மாற்றம் ஜப்பானிய மோயாமோயா நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு இருக்கிறது. பிறகு பார்த்தால், மோயாமோயா இல்லாத சாதாரண மூளைத்தமனிச் சுருக்கம் உள்ளவர்களிலும் அங்கே ஐந்தில் ஒருவருக்கு அதே மாற்றம் இருந்தது. உங்களிடம் 'பரம்பரைக் காரணம்' என்று சொன்னவர் மனதில் இது இருந்திருக்கலாம்.

இங்கேதான் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஜப்பானில் நோயே இல்லாத பொதுமக்களில் 100க்கு ஒன்று முதல் இரண்டு பேர் இந்த மாற்றத்தோடு இருக்கிறார்கள். ஒரு லட்சம் பேரில் ஆயிரத்துக்கும் மேல். ஆனால் அதே ஒரு லட்சத்தில் மோயாமோயா வருவது பத்துப் பேர் அளவுக்குத்தான். அதாவது அந்த மாற்றத்தைச் சுமப்பவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட நோய் வருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய், மற்றவர் நலம் என்ற குடும்பங்களும் உண்டு. எலிகளில் இந்த மரபணுவை முழுக்க நீக்கிப் பார்த்தார்கள், தானாக மோயாமோயா வரவில்லை. விதை மட்டும் இருந்தால் முளைக்காது, ஈரமும் வேண்டும்.

அந்த ஈரம் எது என்பதில்தான் உங்கள் இரண்டு கேள்விகளும் ஒன்றாகின்றன. ஆர்என்எஃப்213 செய்யும் புரதம் ஒரு எதிர்ப்புப் படைவீரன். கிருமித்தொற்றின்போது உடலில் சுரக்கும் இன்டர்ஃபெரான் அதன் அளவை ஏற்றுகிறது. அணுவுக்குள் புகுந்த பாக்டீரியாவின் மேலுறையில் அடையாளக் குறி ஒட்டி அழிவுக்கு அனுப்புகிற வேலையும் அதற்கு உண்டு என்று 2021ல் காட்டினார்கள். ஒரு ரத்தக்குழாய் நோயின் மரபணுவைத் தேடிப்போனவர்கள் கடைசியில் அழற்சியின் வாசலுக்கே வந்து நின்றார்கள். தைராய்டை உடலே தாக்கும் கிரேவ்ஸ் நோய் உள்ளவர்களிடம் மோயாமோயாபோன்ற சுருக்கம் வருவதும் இதே பக்கம் விரல் நீட்டுகிறது. இதை முதலில் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை. 'ஜீனா, அழற்சியா' என்று எதிரெதிராக நிறுத்தி நாம் கேட்கும் கேள்வியே சரியில்லை என்று அது எனக்குக் கற்றுக் கொடுத்தது.

இந்த இரண்டும் ஒன்றே என்று அப்பட்டமாகக் காட்டுகிற நோய் ஒன்று இருக்கிறது, 2014ல்தான் கண்டுபிடித்தார்கள். ஏடிஏ2 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால், சிறு வயதிலேயே காரணம் தெரியாத காய்ச்சல் வந்து வந்து போகும், தோலில் வலைபோல ஊதாநிறக் கோடுகள் தெரியும், பக்கவாதமும் வரும். பெரும்பாலும் மூளையின் ஆழத்திலுள்ள சிறு குழாய்களில். பிறவிக் கோளாறு என்று கைவிட வேண்டியதில்லை, அழற்சிப் புரதமான டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசியால் பக்கவாதங்கள் நின்றுபோகின்றன. மூளையில் ரத்தக்கசிவும் வரக்கூடிய நோய் என்பதால் ஆஸ்பிரினைத் தவிர்ப்பார்கள். ஒரு மரபணுச் சோதனை ஒரு குழந்தையின் வைத்தியத்தையே தலைகீழாக மாற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உங்கள் பிள்ளைகளுக்கு அப்படி எந்த அறிகுறியும் இல்லை என்றால் இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஜீன் டெஸ்ட் பற்றி நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்று உண்டு. விடை 'உண்டு' என்று வந்தால் என்ன செய்வோம், 'இல்லை' என்று வந்தால் என்ன செய்வோம்? இரண்டுக்கும் பதில் ஒன்றே என்றால் டெஸ்ட் வேண்டாம். ஆர்என்எஃப்213ஐ உங்கள் பிள்ளைகளுக்கு எடுத்து, மாற்றம் இருக்கிறது என்று வந்தால், அவர்களுக்குக் கொடுக்க மருந்து இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரு பயத்தைத்தான் கையில் கொடுப்போம். அண்ணனின் சுவர்ப் படத்தில் மோயாமோயா என்று தெரிந்தால் நான் வேறு மாதிரி பேசுவேன். அப்போது உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு முறை எம்ஆர் ஆஞ்சியோ எடுத்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு, ஊசியோ கதிர்வீச்சோ இல்லாத படம் அது.

ஜீன் டெஸ்ட் ஒன்று பயன்படுமென்றால் அது அண்ணனுக்குத்தான், அதுவும் நீங்கள் நினைக்காத இடத்தில். அவர் சாப்பிடும் குளோபிடோகிரல் அப்படியே வேலை செய்யாது. கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் செயல்படும். ஆசியர்களில் பாதிப் பேர் அளவுக்கு அந்த நொதியின் ஒரு பிரதியாவது மந்தமாக இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு டிகாக்ரெலார் என்ற மாற்று மருந்து, மறு பக்கவாதத்தைத் தடுப்பதில் முந்தியது என்று 2021ல் சான்ஸ்-2 ஆய்வு காட்டியது. சிறிய சுருக்கத்துக்கு எல்லாருக்கும் இந்தச் சோதனை கட்டாயம் இல்லை. அண்ணனுக்கு இருப்பதுபோன்ற கடுமையான சுருக்கத்தில் கேட்டுப் பார்க்கத் தகுந்தது. எத்தனை நாள் இரட்டை மாத்திரை என்பதையும் அப்போதே கேளுங்கள். மூளைத் தமனிச் சுருக்கத்துக்கு ஸ்டெண்டையும் மருந்தையும் ஒப்பிட்ட ஸாம்ப்ரிஸ் ஆய்வில் 90 நாள் கொடுத்து, பிறகு ஆஸ்பிரின் மட்டும் தொடர்ந்தார்கள். மூன்று மாதம் முடிந்துவிட்டதால் இது பேச வேண்டிய நேரம்தான். அவராகவே எதையும் நிறுத்த வேண்டாம்.

உங்களுக்கு நான் எழுதுவது ஜீன் டெஸ்ட் அல்ல, சாதாரண ரத்தப் பரிசோதனை. லிபோபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்பின் அளவு ஏறக்குறைய முழுவதும் பெற்றோரிடமிருந்து வருவது, வயதானாலும் அவ்வளவாக மாறாது. அதனால் வாழ்நாளில் ஒரு முறை எடுத்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் கூடுதல், உலகில் ஐந்தில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. அதைக் குறைக்கப் பரவலான மருந்து இன்னும் இல்லாவிட்டாலும், உங்கள் எல்டிஎல்லை எவ்வளவு கண்டிப்பாகக் குறைக்க வேண்டும் என்ற முடிவை அது மாற்றும். என் முறைப்படி, எடுக்க வேண்டிய டெஸ்ட். கூடவே எல்டிஎல், மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு, வீட்டிலேயே அளந்த பிபி. உங்கள் எல்டிஎல் 190க்கு மேல் இருந்தால் அது பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்கலாம், பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்துவிட்டது என்பதால் உங்களுக்கு வந்தே தீரும் என்பது இல்லை. குடும்பத்தில் ஓடுவது பெரும்பாலும் சர்க்கரையும் அழுத்தமும் கொழுப்பும்தான், அவை மூன்றும் அளந்து பார்க்கக்கூடியவை, பிடித்து நிறுத்தக்கூடியவை. 41 வயதில் அதற்கு நிறைய நேரம் இருக்கிறது. புகைபிடிப்பவர் யாராவது வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்தச் செய்யுங்கள்.

ஸ்டெண்ட் வேண்டாம், இப்போதைக்கு. இதே அளவு சுருக்கம் உள்ள 451 பேரிடம் நடந்தது ஸாம்ப்ரிஸ், 2011ல் வெளியானது. ஸ்டெண்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது, மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 5.8 சதவீதம். மூளைத் தமனியிலிருந்து சன்னமான கிளைகள் பிரிகின்றன, ஸ்டெண்ட் விரியும்போது படிவு நகர்ந்து அந்த வாய்களை மூடிவிடும் என்பது முக்கியக் காரணம். அண்மையில் பலூனால் மட்டும், முழு அளவுக்கு விரிக்காமல், மெதுவாக அகலப்படுத்தும் முறை தேர்ந்த கைகளில் நல்ல பலன் தந்திருக்கிறது. சரியான மருந்து சாப்பிட்டும் அதே குழாயால் மறுபடி பக்கவாதம் வந்தால் அப்போது அதைப் பேசலாம். கை மரத்தல், வாய் கோணல், பேச்சுக் குழறல் மறுபடி வந்தால், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும், உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முதல் நாலரை மணி நேரம்தான் வழக்கமான கெடு.

கடைசியாக அந்த பிபி மாத்திரை. உங்கள் அண்ணனின் பயம் அர்த்தமற்றதல்ல, நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். குறுகிய குழாய்க்கு அழுத்தம் தேவை என்று பிபியைக் கொஞ்சம் உயரவே விட்டுவைத்தோம். வாசித் என்ற ஆய்வின் கணக்குகளைப் பிரித்துப் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. மூளைத் தமனிச் சுருக்கம் உள்ளவர்களில், பிபி உயர்ந்திருந்தவர்களுக்குத்தான் மறு பக்கவாதம் அதிகம் வந்தது. பக்கவாதம் வந்த முதல் சில நாட்களில் அழுத்தத்தை அவசரமாக இறக்கக் கூடாது என்பது உண்மை. அந்தக் கட்டம் அவருக்கு முடிந்துவிட்டது. இப்போது மேல் அளவு 140க்குக் கீழே, சர்க்கரை இருப்பதால் முடிந்தால் 130க்குப் பக்கத்தில். விட்டு விட்டுச் சாப்பிடும்போது அழுத்தம் ஏறி இறங்கி ஆடுகிறது, அந்த ஆட்டமும் குழாய்க்கு நல்லதில்லை. படுக்கையிலிருந்து எழும்போது தலைசுற்றினால், அல்லது அந்தக் கை மறுபடி தளர்ந்தால், மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மருத்துவர் மாற்றித் தருவார். இரண்டு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து அளந்து, ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டையும், எல்டிஎல் எண்ணையும், ஆஞ்சியோகிராம் குறுந்தட்டையும் எடுத்துக்கொண்டு அவரோடு நீங்களும் போய் வாருங்கள். சுவர்ப் படம் எடுத்தபின் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், பிள்ளைகளைப் பற்றி மிச்சம் சொல்ல வேண்டியதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.